மொட்டை மாடியில் ஒரு கம்பி, மேஜையில் ஒரு சால்டரிங் அயர்ன்

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடைசியில் உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கப் போகிறேன். அவை என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நீங்கள் கேள்வியோடு கேட்க வசதியாக இருக்கும். ஒன்று, நம் மொட்டை மாடியில் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி கட்ட அனுமதி. இரண்டு, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கம்யூனிட்டி ஹாலில் ஒரு மேஜை. கம்பி, ஹாம் ரேடியோவுக்கு. மேஜை, நம் பிள்ளைகளும் பெரியவர்களும் சிறு சிறு மின்னணுக் கருவிகளைத் தாங்களே செய்து பழகுவதற்கு.

இந்த விண்ணப்பம் கமிட்டிக்குப் போனதும் எழுந்த கேள்விகளை என்னிடம் சொன்னார்கள். கதிர்வீச்சு வருமா, இடி இறங்குமா, டிவி கெடுமா, தளத்தில் ஓட்டை போட்டு ஒழுக விடுவீர்களா, வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் ரேடியோ எதற்கு? எல்லாமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வருகிறேன்.

முதலில் ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காசு வாங்காமல், வியாபாரம் பேசாமல், தனி மனிதர்கள் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது. இதற்கு உரிமம் கட்டாயம். நம் நாட்டில் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகம் தேர்வு வைத்து உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடம், விதிமுறைகள் இவைதான் தேர்வு. உயர்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்தி முறையும் தெரிய வேண்டும். தேறியவருக்கு ஒரு அழைப்புக் குறி கிடைக்கும். நம் நாட்டில் பெரும்பாலும் அது வி.யு. என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி.

இந்த உரிமத்தில் வேறெதிலும் இல்லாத ஒரு சலுகை உண்டு. செல்போனைக் கடையில் வாங்கலாம், நாமே செய்து டவரோடு இணைக்க முடியாது. ஆனால் உரிமம் பெற்ற ஹாம், தன் கையால் செய்த டிரான்ஸ்மிட்டரைக் கொண்டே பேசலாம். ஒருவரைத் தானே செய்து கற்றுக்கொள்ள விடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நோக்கங்களில் ஒன்று.

"நீங்கள் இன்ஜினியரா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் பி.காம். வங்கியில் குமாஸ்தா. கூட்டல் கழித்தல் தெரிந்தால் ரேடியோவின் பாதி புரிந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடிய ரிசீவர்களில் எளிமையான ஒன்று டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர். ஹாம்கள் பேசும் ஓர் அலைவரிசை 7100 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 71 லட்சம் அதிர்வு. நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு ஏறக்குறைய இருபதாயிரம் அதிர்வு வரைதான். ஆகவே அந்த அலை அப்படியே வந்தால் நமக்குக் கேட்காது. என்ன செய்கிறோம்? ரிசீவருக்குள்ளேயே ஒரு டிரான்சிஸ்டரை வைத்து 7099 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றை நாமே உண்டாக்குகிறோம். இரண்டையும் ஒரு இடத்தில் கலக்கிறோம். பற்றையும் வரவையும் கழித்து மீதி எடுப்பது போல, 7100-இல் 7099 போனால் மீதி 1 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு ஆயிரம் அதிர்வு. அது காதுக்கு நன்றாகக் கேட்கும் விசில் சத்தம். தந்திக் குறியீடு இப்படித்தான் விசிலாகக் கேட்கிறது. பேச்சும் இதே கழித்தல் முறையில்தான் வெளியே வருகிறது. மிச்சமிருப்பது அந்தச் சின்ன சத்தத்தைப் பெரிதாக்கும் வேலை. அதற்கு எல்.எம். 386 என்று எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி. போதும்.

ஆன்டெனாவிலிருந்து வருவதில் வேண்டியதை மட்டும் எடுக்க ஒரு காயில், ஒரு கண்டென்சர். உள்ளே அலை உண்டாக்க ஒரு டிரான்சிஸ்டர். கலப்பதற்கு ஒரு பகுதி, பெரிதாக்க ஒரு பகுதி, கேட்க ஹெட்போன். மொத்தம் முப்பது, நாற்பது உதிரிகள். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடும் செலவுக்குள் முடிந்துவிடும்.

இப்படிச் செய்வதில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் ஒரு பெயர் அஷ்ஹர் ஃபர்ஹான். ஹைதராபாத்காரர். அழைப்புக் குறி வி.யு.2 ஈ.எஸ்.ஈ. இவர் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ரேடியோவை உலகம் முழுவதும் ஹாம்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டு ரேடியோ ஒன்று வாங்க நிறையச் செலவாகும் நிலையில், இங்கே சாதாரணக் கடையில் கிடைக்கும் உதிரிகளை வைத்தே செய்ய முடிவதாக அவர் அதை அமைத்தார். காயில் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாய்க்குள் போடும் வாஷர் மீதே சுற்றச் சொன்னார். பேசுவதற்கு ஒரு சர்க்யூட், கேட்பதற்கு ஒரு சர்க்யூட் என்று இரண்டு செலவு வைக்காமல், ஒரே சர்க்யூட்டை இரு திசையிலும் ஓட விட்டார். வரைபடத்தை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். முதலில் வந்த மாதிரியின் சக்தி வெறும் 6 வாட். நம் வராண்டாவில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பின் அளவு. அந்த 6 வாட்டில் பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் பேசியவர்கள் உண்டு.

அது எப்படி முடிகிறது? நம் தலைக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று அது. 7 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் பட்டு வளைந்து பூமிக்குத் திரும்புகிறது. அந்த மண்டலத்தின் கீழ் அடுக்கு பகலில் அலையின் பலத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அதனால் பகலில் பெங்களூரு, மதுரை, ஹைதராபாத் என்று சில நூறு கிலோமீட்டர். சூரியன் மறைந்ததும் அந்தக் கீழ் அடுக்கு மறைந்துவிடும். அப்புறம் ஆயிரக் கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்கள் குரலும் வந்து சேரும். அந்தக் காலத்தில் ராத்திரியில் ரேடியோவைத் திருப்பினால் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் எல்லாம் கேட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காரணம் இதுதான்.

நடுவில் டவர் இல்லை. கேபிள் இல்லை. சர்வர் இல்லை. இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் ஒரு கம்பி. "வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு?" என்ற கேள்விக்குப் பதிலும் இதுவே.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், வி.யு.2 ஆர்.பி.ஐ., தன் குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு அந்தத் தீவிலிருந்து பேசுவதற்காகப் போனவர்கள். 26-ஆம் தேதி காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. தொலைபேசித் தொடர்பு போனது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்த ரேடியோ வழியாகத்தான் தீவுகளின் நிலவரமும், உறவினர்களைத் தேடியவர்களுக்கான தகவலும் கரைக்கு வந்தன.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2015 டிசம்பரை இங்கே இருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனது. டவர்களின் பேட்டரி தீர்ந்தது, டீசல் கொண்டுபோக வழியில்லை. பல பகுதிகளில் செல்போன் வெறும் டார்ச் லைட்டாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரத்தின் பல இடங்களில் அதே கதை. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு "நாங்கள் பத்திரம்" என்ற ஒரு வரி சொல்ல முடியாமல் எத்தனை குடும்பம் தவித்தது!

இதைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு ரேடியோ படகு ஆகாது, மருந்து ஆகாது. அதனால் செய்ய முடிந்தது ஒன்றுதான். நம்மிடமிருந்து செய்தி வெளியே போகும். வெள்ளமில்லாத ஊரில் இருக்கும் ஒரு ஹாமைப் பிடித்தால், அவர் தன் போனிலிருந்து நம் பிள்ளைகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்லிவிடுவார். பேரிடர்க் காலத்தில் பிறருக்காகச் செய்தி அனுப்ப விதியில் இடம் இருக்கிறது. மின்சாரமும் பெரிதாக வேண்டாம். இப்படிப்பட்ட சின்ன ரேடியோ 12 வோல்ட்டில், கேட்கும்போது ஏறத்தாழ 0.2 ஆம்பியரும், பேசும்போது 2 ஆம்பியர் அளவும் இழுக்கும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியிலேயே, கேட்பது அதிகம் பேசுவது குறைவு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒரு நாள் ஓடும். நம் லிஃப்ட்டுக்கு டீசல் தீர்ந்த பிறகும் இது பேசும்.

ஆனால் பெட்டியை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் அந்த நாளில் அது பயன்படாது. கம்பி அறுந்தால் கட்டத் தெரிய வேண்டும். ஃபியூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்கத் தெரிய வேண்டும். வெள்ளத்தில் மெக்கானிக் வர மாட்டார். செய்து பார்த்தவன்தான் சரி செய்வான். ஆகவேதான் கம்பியோடு மேஜையையும் சேர்த்துக் கேட்கிறேன்.

மேஜையில் என்ன நடக்கும்? முதல் வாரம் சால்டர் வைக்கப் பழகுவது. 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், சில பழைய போர்டுகள். அயர்னை ஈயத்தில் வைத்து உருக்கிச் சொட்ட விடக் கூடாது. இணைக்க வேண்டிய இரண்டு உலோகத்தையும் முதலில் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகி ஓட வேண்டும். சரியாக வந்தால் பளபளவென்று ஓரம் சரிந்து நிற்கும். மங்கலாக உருண்டு நின்றால் அது டிரை சால்டர். டிவி மெக்கானிக் பெட்டியைத் திறந்து "டிரை சால்டர் சார்" என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் சரி செய்வாரே, அதுதான். நம் வீடுகளில் குப்பைக்குப் போகும் எமர்ஜென்சி லைட், காலிங் பெல், ரிமோட் ஆகியவற்றில் கணிசமானவை இப்படி ஒரு புள்ளியிலோ, துருப்பிடித்த பேட்டரித் தகட்டிலோதான் நின்றுபோயிருக்கும்.

இரண்டாவது, வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன டெஸ்டர். பிறகு 555 ஐ.சி. வைத்து, சம்ப்பில் தண்ணீர் நிறைந்தால் சத்தம் போடும் அலாரம். அதைப் பிள்ளைகள் செய்து முடித்தால் நம் வாட்ச்மேனுக்கே கொடுத்துவிடலாம். அதன்பின் நான் சொன்ன ரிசீவர். அதன்பின் ஆன்டெனா. இரும்பு இன்ச் டேப்பை வெட்டி பி.வி.சி. பைப்பில் பொருத்தினால் அருமையான ஆன்டெனா கிடைக்கும். பூமிக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஹாம் ரேடியோ இருக்கிறது. 145.800 மெகாஹெர்ட்ஸில் அவர்கள் பேசும் நேரம் பார்த்து, அந்த இன்ச் டேப்பை மொட்டை மாடியில் வானத்தை நோக்கித் திருப்பினால், பத்து நிமிடம் போல அந்தக் குரல் கேட்கும். நம் நாடே 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதில் இருந்த இரண்டு கருவிகளில் ஒன்றை நம் நாட்டு ஹாம்கள் உருவாக்கினார்கள். இன்னொன்று நெதர்லாந்தின் ஒரு மாணவர் செய்தது. மேஜையில் தொடங்கும் வேலை அதுவரைக்கும் போகும்.

உடனடிப் பயன் ஒன்றும் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் பழைய பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். மட்டமான சார்ஜர், மட்டமான எல்.இ.டி. பல்பு பக்கம் போனால் 'கொர்' என்று இரையும். சுவிட்ச் போர்டு அருகில் விட்டு விட்டுப் படபடவென்று கேட்டால், உள்ளே ஸ்குரூ தளர்ந்து பொறி பறக்கிறதோ என்று சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கதிர்வீச்சு: எக்ஸ்ரே போன்ற கதிர் வேறு, ரேடியோ அலை வேறு. ரேடியோ அலை உடலின் அணுக்களைச் சிதைக்கும் வகை அல்ல. சக்தியும் 10 வாட்டுக்குள், அதுவும் பேசும் நேரம் மட்டும். ஆனால் பேசும்போது வெறும் கம்பியைத் தொட்டால் விரல் சுடும். ஆகவே கம்பி உறை போட்டதாக, தளத்திலிருந்து 10 அடிக்கு மேலே, துணி காயப் போடும் கொடிகளிலிருந்து விலகி இருக்கும்.

இடி: கம்பி நம் கட்டடத்தின் இடிதாங்கியை விடத் தாழ்வாகவே இருக்கும். மேகம் கறுத்தால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி எர்த்தோடு இணைத்துவிட வேண்டும். அது விருப்பம் அல்ல, கட்டாய விதி.

டிவி: டி.டி.ஹெச். சிக்னல் பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் வருவது. நாம் பேசுவது 7-இல். மோதுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. யார் வீட்டு ஸ்பீக்கரிலாவது சத்தம் வந்தால் அந்த வயரில் ஒரு ஃபெரைட் வளையம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகும்வரை பேச மாட்டேன். நியாயமாகப் பார்த்தால், என் ரேடியோ உங்கள் டிவியைத் தொந்தரவு செய்வதை விட, நம் எல்லார் வீட்டு சார்ஜர்களும் சேர்ந்து என் ரேடியோவைத் தொந்தரவு செய்வதுதான் அதிகம்.

தளம் ஒழுகுமா: வாட்டர் ப்ரூஃபிங்குக்கு நாம் கொடுத்த பணம் எனக்கும் தெரியும். ஒரு ஆணி கூட அடிக்கப் போவதில்லை. காலி பெயின்ட் பக்கெட்டில் கான்கிரீட் நிரப்பி அதில் பைப்பை நிறுத்துவோம். அந்த மாதிரி இரண்டு பக்கெட், நடுவில் கம்பி. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 மீட்டர். அதுதான் கம்பியின் நீளம். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டர். புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் இறக்கி, காற்று ஓய்ந்ததும் மறுபடி கட்டிவிடலாம்.

பிள்ளைகள் பாதுகாப்பு: மேஜையில் 12 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. சால்டரிங் அயர்ன் ஒன்றுதான் கரண்டில் ஓடும், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. ஈயம் தொடுவதால் மேஜையில் தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஜன்னல் திறந்திருக்கும். டிவி, மைக்ரோவேவ் அவன் போன்றவற்றைத் திறக்க மாட்டோம். அவற்றுக்குள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் ஆளைத் தாக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். உரிமம் இல்லாத யாரும், ஒரு நிமிடம் கூட, ரேடியோவில் தாமாகப் பேச மாட்டார்கள்.

செலவு: சங்கத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது. மெயின்டெனன்ஸ் தொகையில் கை வைக்க மாட்டோம். கம்பி, பக்கெட், கேபிள் என் செலவு. உதிரிகளை வருபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கருவிகளுக்கு ஒரு பதிவேடு இருக்கும், யாரும் பார்க்கலாம். உரிமத்தின் நகல் அலுவலகத்தில் இருக்கும். எழுத்துப்பூர்வமாகச் சங்கம் கேட்டால் ஏழு நாளில் கம்பியை எடுத்துவிடுவேன். இத்தனையும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டே கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். தேர்வுக்குப் படித்து, எழுதி, உரிமம் கைக்கு வர மாதங்கள் ஆகும். இன்றைக்கு இந்தக் கட்டடத்தில் உரிமம் உள்ளவன் நான் ஒருவன்தான். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மழை கொட்டும் ஒரு நாளில் நான் ஊரில் இல்லாமல் போகலாம், உடம்பு முடியாமல் படுத்திருக்கலாம். அன்றைக்கு அந்தப் பெட்டியின் முன் உட்கார இன்னும் நான்கு பேராவது வேண்டும். 12 வயதிலிருந்து தேர்வு எழுதலாம் என்று சொன்னேன். நம் மூன்று பிளாக்கிலும் அந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பகலில் வீட்டில் இருக்கும் இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் ஆபத்து நேரத்தில் கட்டடத்தில் இருக்கப் போவது அவர்கள்தான். அவர்களைத்தான் முதலில் அழைக்கிறேன்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக செக்யூரிட்டி மேஜையில் ஒரு நோட்டு வைக்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஓடாமல் கிடக்கும் எமர்ஜென்சி லைட், டார்ச், பழைய ரேடியோ இருந்தால் எடைக்குப் போடாதீர்கள், மேஜைக்குக் கொண்டு வாருங்கள். தீர்மானத்தை உங்கள் முன் வைத்துவிட்டேன். ஏற்பதும் மறுப்பதும் பொதுக்குழுவின் கையில்.